சோளக்கதிரின் முடியும் சிறுநீரகமும்

கொடைக்கானல் ஏரியைச் சுற்றி நடப்பவர் எவரும் சுட்ட சோளத்தின் மணத்தைக் கடந்தே செல்ல வேண்டும். கதிரின் தோகையை உரித்து, உள்ளே ஒட்டியிருக்கும் மெல்லிய முடியைக் கையால் இழுத்தெறிந்துவிட்டு, கரி அடுப்பில் வாட்டி, உப்பும் மிளகாய்த்தூளும் தொட்ட எலுமிச்சைத் துண்டால் தேய்த்துத் தருவார்கள். கீழே எறியப்படும் அந்த முடியைப் பற்றித்தான் இக்கட்டுரை. அண்மைக் காலமாக எங்கள் புறநோயாளிகள் பிரிவில் இதைப் பற்றிக் கேட்பவர்கள் பெருகியிருக்கிறார்கள். சீன மருத்துவத்தில் இது சிறுநீரகக் கல்லைக் கரைக்கும் என்றும், கால் வீக்கத்தை வற்றச் செய்யும் என்றும், சர்க்கரையைக் குறைக்கும் என்றும் கைப்பேசியில் செய்திகள் வருகின்றன. நாயுடுபுரத்தில் சில வீடுகளில் இது கஷாயமாகக் கொதிக்கிறது. கேட்பவர்களுக்கு ஒற்றைச் சொல்லில் "குடிக்கலாம்" என்றோ "கூடாது" என்றோ சொல்லிவிட முடியவில்லை. ஆகவே சற்று விரிவாக எழுதுகிறோம்.

முதலில் இந்த முடி எது என்பதைப் பார்ப்போம். மக்காச்சோளச் செடியின் உச்சியில் விரியும் பூங்கொத்து ஆண்பூ. தண்டின் இடையில் தோன்றும் கதிர் பெண்பூ. கதிரில் பின்னர் மணியாக வேண்டிய ஒவ்வொரு சூலிலிருந்தும் ஒரு நீண்ட இழை வளர்ந்து, தோகையின் நுனி வழியாக வெளியே வந்து காற்றில் தொங்குகிறது. மேலிருந்து விழும் மகரந்தத் தூள் இந்த இழையில் ஒட்டி, அதன் உள்ளே குழாய் போல இறங்கி, ஏறத்தாழ ஒரு நாளில் சூலை அடைகிறது. ஓர் இழைக்கு ஒரு மணி என்பது கணக்கு. கதிரைத் தின்னும்போது சில இடங்களில் பல் விழுந்ததுபோல் மணி இல்லாமல் இருந்தால், அந்த இழைக்கு மகரந்தம் கிட்டவில்லை என்று பொருள். மகரந்தத்தைப் பிடிப்பதற்காகவே இழைகள் நுண்ணிய மயிர்களுடன் ஒட்டும் தன்மையோடு அமைந்துள்ளன. இந்த ஒட்டும் தன்மையைப் பற்றிப் பின்னர் மீண்டும் பேச வேண்டியிருக்கும். நாட்டுச் சோளத்துக்கு இப்படித் தொங்கும் முடி கிடையாது. மருந்தாகச் சொல்லப்படுவது மக்காச்சோளத்தின் முடி மட்டுமே.

சீனர்கள் இதை 'யூ மீ ஷூ' என்கிறார்கள். சோளத்தின் தாடி என்று அதற்குப் பொருள். கொரியாவிலும் இதே பொருளில் பெயரிட்டுத் தேநீர்போல் குடிக்கிறார்கள். அங்கே அது கடைகளில் புட்டிகளில் விற்கப்படும் சாதாரணப் பானம். சீன மருத்துவ மரபு இதைச் சிறுநீரைப் பெருக்குவது, வீக்கத்தை வடிப்பது, பித்தநீரை இளக்கிக் காமாலையைத் தணிப்பது என்று வகைப்படுத்துகிறது. உலர்ந்த முடியாக நாளொன்றுக்கு 15 முதல் 30 கிராம் வரை நீரில் காய்ச்சிக் கொடுப்பது வழக்கம். ஒரு கதிரின் முடி உலர்ந்தபின் ஒரு சிட்டிகைபோல் சுருங்கிவிடும் என்பதால், இந்த அளவைச் சேர்க்கப் பல கதிர்கள் வேண்டும். வீட்டில் இரண்டு கதிரின் முடியைப் போட்டுக் கொதிக்க வைப்பவர் குடிப்பது சீன வைத்தியர் கொடுக்கும் அளவுக்கு வெகு தொலைவில் உள்ள ஒன்று. செய்திகளை அனுப்புவோர் இதைச் சொல்வதில்லை.

இன்னொன்றையும் அவர்கள் சொல்வதில்லை. இது சீனத்தின் ஆதி மருந்து அன்று. மக்காச்சோளம் பிறந்தது மெக்சிகோவில். அங்குள்ள மக்கள் ஏறத்தாழ 9,000 ஆண்டுகளுக்கு முன் அதைக் காட்டுப் புல்லிலிருந்து பயிராக்கினார்கள். கொலம்பஸின் கடற்பயணங்களுக்குப் பின்னரே அது ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் வந்தது. லீ ஷிசென் தொகுத்து 1596இல் அச்சான புகழ்பெற்ற சீன மருந்து நூலில் மக்காச்சோளம் புதிய தானியமாக இடம்பெறுகிறது. அங்கே கல்லடைப்பின் வலிக்குச் சொல்லப்படுவது முடியன்று, வேரும் இலையும். நம் நாட்டுக்கும் அது கடல் வழியாகவே வந்தது. 'மக்கா' என்னும் அடைமொழியே அயல்நாட்டிலிருந்து வந்ததன் அடையாளம் என்று கருதப்படுகிறது.

இதை இங்கே எழுதக் காரணம் உண்டு. பழனி மலையடிவாரத்தில் போகர் வாழ்ந்தார் என்றும், அவர் சீன தேசம் சென்று வந்தார் என்றும், நவபாஷாணச் சிலையை அவரே அமைத்தார் என்றும் மரபு கூறுகிறது. அவரைச் சீனர் என்று சொல்வோரும் உண்டு. ஆகவே "போகர் சீனத்திலிருந்து கொண்டுவந்த சோள முடி ரகசியம்" என்று ஒரு செய்தி வந்தால், பழனி மலைகளில் வாழும் நமக்கு அது இனிப்பாகவே இருக்கும். ஆனால் மரபு சொல்லும் போகரின் காலத்தில் சீனத்திலும் மக்காச்சோளம் இல்லை, பழனியிலும் இல்லை. சித்தர்களின் பெயரை மதிக்கிறவர்கள் அவர்கள் அறிந்திராத செடியை அவர்கள்மேல் ஏற்றாமலிருப்பதே முறை.

சித்த மருத்துவத்துக்கு இதைக் கடன் வாங்க வேண்டிய தேவையும் இல்லை. நீர்க்கடுப்புக்கும் கல்லடைப்புக்கும் நெருஞ்சில், சிறுபீளை, மூக்கிரட்டை, வாழைத்தண்டு என்று நமக்கே நீண்ட வரிசை இருக்கிறது. பொங்கலுக்குக் காப்புக் கட்டும் கொத்தில் ஆவாரம்பூவோடும் வேப்பிலையோடும் வெண்மையாக இருப்பது அந்தச் சிறுபீளையே. விருப்பாட்சி மலை வாழைக்குப் பெயர்பெற்ற மலை இது, தண்டுக்குப் பஞ்சமில்லை. இவற்றை முறையாகப் பயின்ற அரசுச் சித்த மருத்துவர்கள் கொடுக்கிறார்கள். நாடி பார்த்து, நோயைக் கேட்டு, அளவு சொல்லிக் கொடுக்கப்படும் மருந்து ஒன்று. கைப்பேசியில் படித்துக் கொதிக்க வைப்பது வேறொன்று. இந்த வேறுபாடு சீனத்திலும் உண்டு.

இனி, இந்த முடி உண்மையில் என்ன செய்கிறது என்பதற்கு வருவோம். இதில் பொட்டாசியம், வைட்டமின் கே, மேசின் போன்ற ஃபிளாவனாய்டுகள் முதலியன உள்ளன. எலிகளிடம் செய்த ஆய்வுகள் பல. அவற்றில் சில சிறுநீர் கூடியதாகவும், சில இரத்தச் சர்க்கரை குறைந்ததாகவும் கூறுகின்றன. 2005இல் வெளியான ஓர் எலி ஆய்வில், சிறுநீரோடு வெளியேறும் பொட்டாசியத்தின் அளவு கூடியது காணப்பட்டது. மனிதர்களிடம் செய்த ஆய்வுகள் மிகக் குறைவு. அவற்றுள் ஒன்றை மட்டும் குறிப்பிட விரும்புகிறோம், ஏனெனில் அதில் வரும் செடிகள் நமக்கும் உறவானவை. வியட்நாமில் சிறுநீரைப் பெருக்கும் என்று நம்பப்படும் நான்கு மூலிகைகளை ஆரோக்கியமான மனிதர்களுக்குக் கொடுத்து, மருந்தில்லாப் போலி மருந்தோடு ஒப்பிட்டார்கள். சோள முடி, தருப்பை இனப் புல், பூனைமீசை, பிளான்டாகோ என்னும் இலைச்செடி ஆகியவை அந்த நான்கு. கொடுப்பவருக்கும் குடிப்பவருக்கும் எது எதுவென்று தெரியாதபடி நடத்தப்பட்ட அந்த ஆய்வின் முடிவு 1992இல் வெளியானது. 12 மணி நேரச் சிறுநீரின் அளவிலும் 24 மணி நேரச் சிறுநீரின் அளவிலும் வேறுபாடு ஏதும் இல்லை. உப்பு வெளியேறுவதிலும் இல்லை.

அப்படியானால் குடித்தவர்கள் "நன்றாக நீர் பிரிந்தது" என்று சொல்வது பொய்யா? இல்லை. ஒரு லிட்டர் கஷாயம் குடித்தால் ஒரு லிட்டர் தண்ணீரும் குடித்ததாகத்தானே ஆகும்! இந்தக் குறிப்பில் ஒரு பெரிய உண்மை அடங்கியிருப்பதாக நாங்கள் கருதுகிறோம்.

சிறுநீரகக் கற்களில் பெரும்பாலானவை கால்சியம் ஆக்சலேட் என்னும் உப்பால் ஆனவை. சிறுநீர் கெட்டியாகும்போது இந்த உப்பு படிகமாகி, படிகத்தின்மேல் படிகமாய் வளர்கிறது. நீர் அதிகமானால் உப்பு நீர்த்துப்போகிறது. இத்தாலியில் முதன்முறையாகக் கல் கண்ட 199 பேரை ஐந்தாண்டுகள் கவனித்த ஆய்வு 1996இல் வெளிவந்தது. ஒரு பாதியினர் நாளொன்றுக்கு இரண்டு லிட்டருக்குக் குறையாமல் சிறுநீர் கழியும்படி தண்ணீர் குடித்தார்கள். மறு பாதியினர் வழக்கம்போல் இருந்தார்கள். தண்ணீர் குடித்தவர்களில் நூற்றுக்கு 12 பேருக்கும், மற்றவர்களில் நூற்றுக்கு 27 பேருக்கும் மீண்டும் கல் வந்தது. விலையில்லாத மருந்தொன்று இத்தனை வேலை செய்திருப்பதை எண்ணிப் பாருங்கள்.

மலையில் வாழும் நமக்கு இது எளிதன்று. குளிரில் தாகம் தெரிவதில்லை. காலையில் ஒரு தேநீர், மாலையில் ஒரு தேநீர் என்று நாளை ஓட்டிவிடுகிறோம். கேரட்டுக் காட்டிலும் பூண்டு வயலிலும் வேலை செய்வோர் தண்ணீர்ப் பாத்திரத்தை மதியச் சோற்றோடு மட்டுமே திறக்கிறார்கள். சுற்றுலா வாகன ஓட்டுநர்கள், பள்ளி ஆசிரியைகள், ஏரிக்கரையில் கடை போடும் பெண்கள் ஆகியோரைக் கேட்டால் காரணத்தை மறைக்காமல் சொல்வார்கள். "தண்ணி குடிச்சா எங்கேம்மா போறது?" கழிப்பறை இல்லாத இடத்தில் நீரை அடக்கிக்கொள்வதும், அடக்க வேண்டியிருக்குமே என்று நீரே குடிக்காமலிருப்பதும் நீர்ச்சுருக்குக்கும் தொற்றுக்கும் கல்லுக்கும் வழி விடுகின்றன. இதற்குக் கஷாயத்தில் விடை இல்லை. ஊராட்சியிலும் நகராட்சியிலும்தான் இருக்கிறது.

கல் கண்டவர்கள் சிறுநீரின் நிறத்தைப் பார்த்துத் தண்ணீரின் அளவை முடிவு செய்யலாம். வெளிறிய வைக்கோல் நிறம் போதும். தேன் நிறம் என்றால் போதவில்லை. வெந்நீராகக் குடித்தாலும் தண்ணீர் தண்ணீரே. எலுமிச்சைச் சாறு பிழிந்து குடிப்பது நல்லது, அதிலுள்ள சிட்ரேட் படிகம் சேர்வதைத் தடுக்கிறது. உப்பையும் ஊறுகாயையும் அப்பளத்தையும் குறைக்க வேண்டும். கால்சியக் கல் என்றவுடன் பாலையும் தயிரையும் அடியோடு நிறுத்துவது தேவையில்லை, நல்லதும் அன்று.

இனி, எங்களைக் கவலைகொள்ளச் செய்வதைச் சொல்கிறோம். சோள முடி ஆளைக் கொல்லும் நஞ்சு அன்று. ஆரோக்கியமானவர் ஓரிரு கோப்பை குடித்ததால் கெடுதி வந்ததாக எங்களுக்கு அனுபவமில்லை. கவலையெல்லாம் அது வாங்கித் தரும் தாமதத்தைப் பற்றியது.

விலாவில் தொடங்கி அடிவயிறு வரை முறுக்கி இழுக்கும் வலியோடு ஒருவர் வருகிறார். ஸ்கேனில் சிறுநீர்க்குழாயில் 7 மில்லிமீட்டர் கல் தெரிகிறது. 5 மில்லிமீட்டருக்குக் குறைந்த கற்களில் பெரும்பாலானவை தாமாகவே இறங்கிவிடும். 10 மில்லிமீட்டரைத் தாண்டியவை அரிதாகவே இறங்கும். இடைப்பட்டதைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். குழாயைத் தளர்த்தும் மாத்திரையும் வலிக்கு மருந்தும் கொடுத்து, இரண்டு வாரத்தில் மறு ஸ்கேனுக்கு வரச் சொல்கிறோம். வீட்டுக்குப் போகிறார். அப்பத்தா சோள முடிக் கஷாயம் வைத்துக் கொடுக்கிறார். நான்கு நாளில் வலி நின்றுவிடுகிறது. மறு ஸ்கேனுக்கு அவர் வருவதில்லை. மூன்று மாதம் கழித்துக் குளிர்காய்ச்சலோடு தூக்கிக்கொண்டு வருகிறார்கள். "வலியே இல்லையே டாக்டர், கல்லு கரைஞ்சு போச்சுன்னு நெனச்சோம்."

இப்படி வருகிறவர் ஒருவரல்லர். ஆகையால் எவரையும் சுட்டாமல் பொதுவாகவே எழுதுகிறோம். வலி நின்றதற்குக் கல் வெளியேறியது ஒரு காரணமாக இருக்கலாம். கல் அதே இடத்தில் இருந்துகொண்டு, வலி மட்டும் அடங்கியிருக்கவும் கூடும். அடைப்புக்கு மேலே நீர் தேங்கி, சிறுநீரகம் வீங்கி, மெல்ல மெல்ல வேலையை நிறுத்திக்கொள்ளும்போது அது சத்தமே போடாது. தேங்கிய நீரில் கிருமி சேர்ந்தால் சில மணி நேரத்தில் உயிருக்கு ஆபத்தாகிவிடும். அப்போது செய்ய வேண்டியது அடைப்பைத் திறந்து நீரை வடிய விடுவது. அதற்காகச் சமவெளிக்கு அனுப்ப நேர்ந்தால், மலைப்பாதையில் இறங்கவே ஏறத்தாழ இரண்டு மணி நேரம். மூடுபனியும் விடுமுறைக் கூட்டமும் இருந்தால் அதற்கு மேலும் ஆகும். மலையில் வாழ்கிறவர்கள் சமவெளியினரைவிட அரை நாள் முன்னதாகப் புறப்பட வேண்டியவர்கள் என்று நாங்கள் அடிக்கடி சொல்வதன் பொருள் இதுதான். சோள முடியோ வேறெந்தக் கஷாயமோ கால்சியக் கல்லைக் கரைத்ததாகச் சான்று இல்லை. யூரிக் அமிலக் கற்கள் என்னும் ஒரு வகையை மட்டும் மருந்தால் கரைக்க முடியும். எந்த வகை என்பதை மருத்துவரே கண்டு சொல்ல வேண்டும்.

விலா வலியோடு குளிர்காய்ச்சல் வந்தாலோ, சிறுநீர் முற்றிலும் நின்றுபோனாலோ, வாந்தியால் தண்ணீர்கூட வயிற்றில் தங்காவிட்டாலோ, ஒரே சிறுநீரகத்தோடு வாழ்பவருக்கு வலி தொடங்கினாலோ அன்றே வாருங்கள். இரவானால் 108ஐ அழையுங்கள். வெளியேறிய கல் கையில் கிடைத்தால் எறிந்துவிடாமல் ஒரு சிறு டப்பாவில் போட்டுக் கொண்டுவாருங்கள்.

மாத்திரைகளோடு இந்தக் கஷாயத்தைச் சேர்த்துக் குடிப்பது இரண்டாவது கவலை. கால் வீங்கியவர்கள்தாம் இதை மிகுதியாக நாடுகிறார்கள். கால் வீக்கத்துக்கு இதயம் காரணமாக இருக்கலாம், சிறுநீரகம் காரணமாக இருக்கலாம், கல்லீரலோ இரத்தசோகையோ காரணமாக இருக்கலாம். காரணம் தெரியாமல் நீரை மட்டும் வற்ற வைக்க முயல்வது, கூரை ஒழுகும்போது தரையைத் துடைத்துக்கொண்டிருப்பது போலாகும். ஏற்கெனவே நீர் மாத்திரை எடுப்பவர்களுக்குப் பொட்டாசியம் ஒரு நூலிழைமேல் நிற்கிறது. சில நீர் மாத்திரைகள் அதைக் குறைக்கும், சில கூட்டும். சிறுநீரகம் பழுதுற்றவர்களின் உடலில் அது வெளியேற வழியின்றித் தேங்கும். பொட்டாசியம் கூடினாலும் குறைந்தாலும் இதயத் துடிப்பு தடுமாறும். பொட்டாசியம் நிறைந்த கஷாயத்தை நாள்தோறும் குடிப்பதும், உடலின் பொட்டாசியத்தை வெளியேற்றக்கூடிய ஒன்றைக் குடிப்பதும் இத்தகையோருக்குத் தேவையற்ற சூதாட்டம். கிரியாட்டினின் கூடியவர்களும் டயாலிசிஸ் செய்துகொள்பவர்களும் இதைத் தொடவே வேண்டாம். வாழைத்தண்டுச் சாறும் இளநீரும் அவர்களுக்கு ஆகாதவையே. டயாலிசிஸ் செய்பவருக்குத் தண்ணீரே அளவுக்கு உட்பட்டது என்பதால், மேலே தண்ணீரைப் பற்றிச் சொன்னதும் அவர்களுக்குப் பொருந்தாது.

இதய வால்வு அறுவை செய்துகொண்டு வார்ஃபரின், அசினோகூமரால் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை எடுப்போருக்கு வைட்டமின் கே எதிரி. கீரையை ஒரு நாள் வழக்கத்துக்கு மாறாகக் கூடுதலாகத் தின்றாலே இரத்தப் பரிசோதனை எண் மாறுவதை அவர்கள் அறிவார்கள். சோள முடியிலும் வைட்டமின் கே இருப்பதால் அவர்கள் தவிர்ப்பதே நல்லது. சுகர் மாத்திரையும் இன்சுலினும் எடுப்பவர்கள் இதோடு சேர்த்துக் குடித்தால் சர்க்கரை எதிர்பாராமல் இறங்கக்கூடும். அதைவிடப் பெரிய தீங்கு, கஷாயத்தை நம்பி மாத்திரையை நிறுத்துவது. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் பாதுகாப்பானது என்று சொல்லப் போதிய ஆய்வு இல்லாததால் வேண்டாம் என்கிறோம். சோள மகரந்தத்துக்கு ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் ஆகாது.

"செடியிலிருந்து வருவது என்ன செய்துவிடப் போகிறது?" என்பது நாங்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி. தைலமரத்து எண்ணெயின் மணத்திலேயே வளர்ந்த ஊர் நம்முடையது. செடிகளின்மேல் நமக்கு நம்பிக்கை இருப்பது இயல்பு. ஆனால் சீன மூலிகையின் வரலாற்றிலேயே இக்கேள்விக்கு ஒரு கசப்பான விடை உண்டு. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியம் நாட்டின் தலைநகர் பிரஸ்ஸல்ஸில் உடல் இளைக்க வந்த பெண்களுக்குச் சீன மூலிகை கலந்த மாத்திரை கொடுக்கப்பட்டது. 'ஃபாங் ஜீ' என்னும் ஒரே பெயரில் வழங்கும் இரு வேறு செடிகளில் ஒன்றுக்குப் பதில் மற்றொன்று அதில் சேர்ந்துவிட்டது. சேர்ந்தது அரிஸ்டோலோக்கியா குடும்பத்துச் செடி. 100க்கும் மேற்பட்ட பெண்களின் சிறுநீரகங்கள் கெட்டன. பலருக்கு டயாலிசிஸோ மாற்றுச் சிறுநீரகமோ தேவைப்பட்டது. சிலருக்குப் பின்னாளில் சிறுநீர்ப்பாதையில் புற்றுநோயும் வந்தது. அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த செடிகள் நம்மிடமும் உள்ளன. ஆடுதின்னாப்பாளை ஒன்று, ஈஸ்வரமூலி இன்னொன்று. ஆடுகூடத் தின்னாது என்று பெயரிலேயே எச்சரித்து வைத்திருக்கிறார்கள் நம் முன்னோர். அரிஸ்டோலோக்கிக் அமிலம் கொண்ட செடிகளை உலக நல அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்றே வகைப்படுத்தியிருக்கிறது. சோள முடி இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. ஆனால் பொட்டலத்தில் 'சிறுநீரகப் பொடி' என்று மட்டும் எழுதி விற்கப்படுவதில் சோள முடி மட்டும்தான் இருக்கிறது என்பதற்கு யார் பொறுப்பு? என்ன என்ன கலந்திருக்கிறது என்று அச்சிடப்படாத எந்தப் பொடியையும் வாங்க வேண்டாம்.

முடியைத் தாங்களே சேகரிப்பவர்களுக்கும் சொல்ல வேண்டியது உண்டு. 2018இல் கர்நாடகத்தில் முதலில் காணப்பட்ட அமெரிக்கன் படைப்புழு, விரைவிலேயே தமிழகத்தின் மக்காச்சோள வயல்களுக்கும் பரவிவிட்டது. அதுமுதல் பூச்சிமருந்து தெளிக்காமல் இப்பயிரை எடுப்பது உழவர்களுக்கு அரிதாகிவிட்டது. சமவெளியில் விளைவதில் பெரும்பங்கு கோழித் தீவனத்துக்குப் போகிறது. முடியை ஒருவர் காய்ச்சிக் குடிப்பார் என்று எண்ணி எவரும் மருந்து தெளிப்பதில்லை. மணிக்குத் தோகை என்னும் உறை இருக்கிறது. வெளியே தொங்கும் முடிக்கு உறை இல்லை. மகரந்தத்தைப் பிடிக்கும் அதே ஒட்டும் தன்மை தூசியையும் மருந்தையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. பூஞ்சைக்கும் அந்த முடியே வழி. ஆஸ்பர்ஜில்லஸ், ஃபியூசேரியம் போன்றவை முடி வழியாகத்தான் கதிருக்குள் நுழைகின்றன. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நம் ஊர் மூடுபனியில் துணியே மூன்று நாளுக்குக் காயாது. அந்த ஈரத்தில் உலர்த்திய பழுப்பு முடியில் பூஞ்சை பிடித்திருப்பதை மணத்தாலும் நிறத்தாலும் அறியலாம். அதைக் காய்ச்சினாலும் பூஞ்சை நஞ்சு முழுதும் போகாது.

எந்த நோயும் இல்லாதவர், எந்த மாத்திரையும் எடுக்காதவர், விருப்பத்துக்காகக் குடித்துப் பார்க்க எண்ணினால் தடுக்க மாட்டோம். தெளிப்பு இல்லாத தோட்டத்துக் கதிராகவோ தன் வீட்டுக் கொல்லைக் கதிராகவோ இருக்கட்டும். வெளியே தொங்கிய பழுப்பு நுனியை வெட்டிவிட்டு, தோகைக்குள் இருக்கும் வெளிறிய பகுதியை மட்டும் எடுத்து, இரண்டு மூன்று முறை அலசி, அன்றே பயன்படுத்தலாம். கடல்மட்டத்திலிருந்து 2,100 மீட்டர் உயரத்தில் நாம் இருப்பதால் இங்கே தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆகவே சமவெளியில் பத்து நிமிடம் என்றால் இங்கே சற்றுக் கூடுதலாகக் கொதிக்கவிட்டு வடிகட்ட வேண்டும். ஒரு கோப்பை, அதிகமானால் இரண்டு. சில நாட்கள் மட்டும். சோளத்தின் இளம் மணமும் இலேசான இனிப்பும் இருக்கும். சர்க்கரை சேர்க்கத் தேவையில்லை.

எங்களிடம் மருத்துவம் பார்த்துக்கொள்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மருத்துவர் "வேறு ஏதாவது சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்கும்போது பலர் "ஒன்றுமில்லை" என்று சொல்லிவிடுகிறார்கள். திட்டுவார்களோ என்ற அச்சம் சிலருக்கு. கஷாயத்தை மருந்தாகவே எண்ணாதது சிலருக்கு. நோயாளி சொல்லத் தயங்கினால் உடன் வரும் மகளோ மருமகளோ சொல்லலாம். அடுப்பில் என்ன கொதிக்கிறது என்பது அவர்களுக்குத்தானே தெரியும். திட்டுவது எங்கள் வழக்கமில்லை. அடுத்த முறை வரும்போது மாத்திரை அட்டைகளோடு வீட்டில் வைத்திருக்கும் பொடி, வேர், இலை, தைலம் எதுவானாலும் அதே பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். இரத்தப் பரிசோதனைக்கு முந்தைய வாரத்தில் எதை எத்தனை நாள் குடித்தீர்கள் என்பதை ஒரு தாளில் குறித்துக் கொடுத்தால், பொட்டாசியமும் கிரியாட்டினினும் ஏன் மாறின என்று தேடுவதில் எங்களுக்கு ஒரு நாள் மிச்சமாகும்.